தறிக்காரன் காதுக்கு வாங்கிய இயர்போன்

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த எங்கள் கடையில் இயர்போன் வாங்கியவர்களில் பாதிப் பேர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மீதிப் பேர் ஏன் வரவில்லை என்றால், அவர்கள் ரயிலேறி ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள்.

கடை என் மச்சானுடையது, அதாவது என் மனைவியின் தம்பியுடையது. நான் அதில் உட்கார்ந்திருப்பவன். கூச்ச சுபாவம் உள்ளவனை வியாபாரத்தில் உட்காரவைப்பது நொண்டிக் குதிரையைப் பந்தயத்துக்குக் கூட்டிப்போவது மாதிரி என்று என் மனைவியே சொன்னாள். ஆனால் இயர்போன் கடை அப்படியல்ல. வருகிறவன் காதில் ஒயரை மாட்டிக்கொள்கிறான். அதற்கப்புறம் அவனோடு பேச வேண்டியதே இல்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தும் கணக்கும் நன்றாகத்தான் வந்தன. வாத்தியார் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பார், நாற்பது தலை திரும்பிப் பார்க்கும், அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. அங்கிருந்து நகரியில் விசைத்தறிக் கொட்டகைக்குப் போனேன். எனக்கென்றே கட்டிய இடம் மாதிரி இருந்தது. தறிகள் ஓடும்போது அங்கே கூச்சக்காரனும் வாயாடியும் ஒன்றுதான். கத்தினாலும் யாருக்கும் கேட்காது.

ஆனால் பேச்சு நின்றுவிடாது. தறிக்காரர்கள் உதட்டால் பேசுவோம். தொண்டை வேண்டாம், வாயை அழுத்தமாக அசைத்தால் போதும், எதிர் வரிசையில் நிற்பவன் படித்துக்கொள்வான். இன்றைக்கு வீட்டில் என்ன குழம்பு என்பதிலிருந்து யார் பெண்ணை யாருக்குக் கேட்கிறார்கள் என்பதுவரை எல்லாம் இப்படித்தான் போகும். முதலாளி கொட்டகைக்குள் வந்தால் இந்தப் பேச்சு இன்னும் மும்முரமாகும். அவர் இந்தப் பக்கம் தறியில் ஓடும் பாவு நூலைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவருக்கு முதுகுப்பக்கம் ஒருவன் அவருடைய மூன்று தலைமுறையையும் உதட்டாலேயே விசாரித்து முடிப்பான். அவர் திரும்பினால் பீடிப்புகையை ஊதுவது மாதிரி வாயை வைத்துக்கொள்வான். முதலாளிக்கு உதடு படிக்கத் தெரியாது. அவர் காலையில் வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுகிறவர். அத்தனை பேரும் அவரை அப்படித் திட்டியிருக்கிறார்கள். நான் திட்டியதில்லை. அந்தத் துணிச்சல் எனக்குச் சத்தமில்லாமல்கூட வந்ததில்லை.

நாடு கதவைத் திறந்துவிட்டது என்று வெகு நாளாகவே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திறந்த கதவு வழியாக எங்கள் ஊருக்குள் முதலில் வந்தது வடக்கத்தி மில் துணி. நாங்கள் நெய்வதற்கு ஆகும் நூல் விலைக்கு அவர்கள் சேலையையே கொடுத்தார்கள். வாரத்தில் பாதி நாள் தறி நின்றது. வயசுப் பிள்ளைகள் வரதய்யபாளையம் பக்கம் வந்த கம்பெனிகளுக்கு, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, கம்பெனி பஸ்ஸிலேயே போனார்கள். எங்களை அங்கே எடுக்க மாட்டார்கள். பத்தாவது பாஸ் வேண்டும், வயது குறைவாக வேண்டும், இரண்டும் எங்களிடம் இல்லை. என் பக்கத்துத் தறியில் நின்ற மச்சான் மட்டும் அசரவில்லை. "கம்பெனில வேலைக்குப் போறவன் தொழிலாளி. நான் மொதலாளி ஆவறேன்" என்றான். வீட்டுமனையை விற்றான்.

கணக்கு முடிக்கப் போன அன்று முதலாளி எல்லோர் எதிரிலும் தறியை நிறுத்தச் சொன்னார். மச்சானுக்கு நல்ல வார்த்தை சொல்லப்போகிறார் என்று நினைத்தோம்.

"போடா போ. உன் தறிய நான் வேற எவனுக்கும் குடுக்க மாட்டேன், அப்பிடியே துணி போத்தி வச்சிருப்பேன். திருப்பதிக்குப் போறவன் எல்லாம் மொட்ட அடிச்சிக்கினு திரும்பி வர வேண்டியவன்தானே?"

கொட்டகையே சிரித்தது. மச்சானும் சிரிக்கவேண்டியதாயிற்று. வாசல்படி தாண்டியதும் என்னைப் பார்த்து, "மாமா, இந்தப் படிய நான் கூலிக்காரனா திரும்ப மிதிச்சேன்னா, எனுக்கு நீ கொள்ளி வச்சிரு" என்றான். கடை நடக்கவில்லை என்றால் அந்தத் துணி போர்த்திய தறிக்கு முன்னால்தான் அவன் போய் நிற்கவேண்டும். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். முதலாளிக்கும் தெரியும்.

சரக்கு எடுக்கச் சென்னைக்குப் போனோம். மொத்த வியாபாரக்காரர் விதவிதமாக இயர்போன்களை எடுத்து நீட்டினார். மச்சான் ஒரு காதில் வைத்துக்கொள்வான், என்னிடம் தருவான், நான் வைத்துக்கொள்வேன். எல்லாமே போர்வைக்குள் இருந்து பாடுவது மாதிரி இருந்தன. பாட்டு கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. "இன்னாய்யா, பாடறவன் வாயில துணி வச்சிக்கினு பாடறானா?" என்று மச்சான் கேட்டான். கடைசியில் ஒரு சிவப்பு ஒயர் சரக்கை எடுத்தார். காதில் வைத்ததும் மச்சான் முகம் மலர்ந்தது. எனக்கும் அப்படித்தான். ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக, பாத்திரம் விளக்கிக் கவிழ்த்தது மாதிரி பளிச்சென்று இருந்தது. சலங்கைச் சத்தம்கூடக் கேட்டது. அந்தப் பாட்டில் சலங்கை இருக்கிறது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

வியாபாரக்காரர் நல்ல மனுஷர். "இது கொஞ்சம் கூர்மையா இருக்கும் சார். எல்லாருக்கும் ஒத்துக்காது" என்றார்.

மச்சான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான். எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாத ஒன்று நமக்கு ஒத்துக்கொள்கிறது என்றால் அதில் ஒரு பெருமை இருக்கிறதல்லவா? கையில் இருந்த பணம் முழுக்க அந்தச் சிவப்பு ஒயர்தான் வாங்கினான். போர்வைச் சரக்கில் பேருக்குக் கொஞ்சம்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி காதில் மாட்டினான். அவள் தறிக் கொட்டகைக்குள் வேலை பார்த்தவளல்ல, வீட்டில் உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றிக் கொடுத்தவள். மாட்டிய வேகத்தில் பிடுங்கிப் போட்டாள்.

"ஐயய்யே, காதுல ஊசி வுட்டு கிண்டற மாதிரி கீதுடா!"

"அக்கா, நல்லாக் கேளு. தெளிவா இல்ல?"

"தெளிவாத்தான் கீது. ஊசியும் தெளிவாத்தான் குத்தும்."

"உனுக்கு இன்னா தெரியும், போய் சோறு போடு" என்றான் மச்சான். நானும் அவன் பக்கம் பார்த்துத் தலையாட்டினேன்.

கடை திறந்த முதல் வாரமே திருப்பிக் கொண்டுவருவது ஆரம்பித்தது. முதலில் வந்தவர் ஒரு தெலுங்குக்காரர், மலையிலிருந்து இறங்கிப் புது மொட்டையில் சந்தனம் பூசியிருந்தார். "அன்னா, செவுலு பகிலிபோதுன்னாயி" என்றார். காது வெடிக்கிறதாம். மச்சான் வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தான். வெடிக்கவில்லை. என் காதில் வைத்தான். எனக்கும் வெடிக்கவில்லை. மச்சான் அவரை மேலும் கீழும் பார்த்தான். அவனுக்குச் சட்டென்று ஒரு ஞானம் பிறந்தது.

அன்றிலிருந்து மொட்டையோடு வந்து குறை சொன்ன எல்லோருக்கும் அதே விளக்கம்தான். திருச்சிப் பக்கத்துக்காரர் ஒருவரிடம் அவன் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"சார், தலையில முடி இருந்தா சத்தத்த கொஞ்சம் இழுத்துக்கும். நீங்க இப்ப மொட்ட. நேரா மண்டைக்குள்ள போவுது. முடி வளரட்டும், சரியாப் போயிரும்."

"அப்படியா? வளந்த பிறகும் இப்படியே இருந்தா?"

"அடுத்த வருசம் மொட்ட போட வருவீங்க இல்ல? அப்ப எடுத்துக்கினு வாங்க, பாத்துக்கலாம்."

அவர் தலையைத் தடவிக்கொண்டே போனார். நம்பினார் என்பதுதான் ஆச்சரியம். கோயில் ஊரில் மனிதர்கள் எதையும் நம்பத் தயாராகத்தான் வருகிறார்கள்.

தலை நிறைய முடியோடு ஒரு கல்லூரி மாணவன் வந்தபோதுதான் மச்சான் கொஞ்சம் தடுமாறினான். அந்தப் பையன் சண்டைக்கு வரவில்லை, பொறுமையாகவே சொன்னான். "அண்ணா, ச, ஸ வர்ற இடத்துல எல்லாம் பாம்பு சீறுற மாதிரி இருக்கு. ஸ்டீல் தட்டுல கத்திய இழுத்த மாதிரி." மச்சானும் நானும் ஆளுக்கொரு பக்கம் மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டோம். பாம்பு எங்கேயும் இல்லை.

"தம்பி, இது பாலும் தயிருமா துன்னு வளந்த காது. அதான் தாங்கல" என்று மச்சான் தீர்ப்புச் சொன்னான். பையன் எங்களை விநோதமாகப் பார்த்துவிட்டு, போர்வைச் சரக்கில் ஒன்றை மாற்றிக்கொண்டு போனான். அவன் போனதும் மச்சான், "படிச்சவன் காது. அதுல கேக்கறதுக்கு இடமே இல்ல, எல்லாம் பாடம்" என்றான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் குறை சொல்லவில்லை. சிலர் உச்சிமேல் வைத்துக் கொண்டாடினார்கள். பல வருஷம் லாரி ஓட்டிய பெரியவர் ஒருவர் இரண்டு வாங்கிப்போனார். தவில்காரர் ஒருவர், "இத்தனை நாள் எங்கய்யா வச்சிருந்தீங்க இதை?" என்று உரிமையோடு கோபித்துக்கொண்டார். பாகாலாவிலிருந்து வந்த ரைஸ் மில் ஆள் ஒருவன் கடையிலேயே நின்று மூன்று பாட்டு கேட்டான், கண்ணில் தண்ணீர் விட்டான். நகரியிலிருந்து மலைக்கு வரும் சொந்தக்காரர்கள் கேட்கவே வேண்டாம். தறிக்காரன் ஒருவன்கூட அதை மாட்டிவிட்டுச் சும்மா கழற்றியதில்லை. "இன்னாடா இது, வாய் பக்கத்துல வந்து பேசற மாதிரி கீது!" என்பார்கள்.

மச்சான் இவர்களுக்கெல்லாம் ஒரு பெயர் வைத்தான், ரசிகர்கள். உலகத்தில் காது இருக்கிறவர்கள் ஏராளம், ரசிகர்கள் கொஞ்சம் பேர்தான் என்றான். லாரி, தவில், ரைஸ் மில், தறி என்று அந்த ரசிகர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று அவனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பெருமை வந்து உட்கார்ந்த இடத்தில் யோசனைக்கு நாற்காலி போடுவது யார்?

ஆனால் ரசிகர்களை வைத்து வாடகை கட்ட முடியாது. பேருக்கு வாங்கிய போர்வைச் சரக்கு தீர்ந்துபோனது. சிவப்பு ஒயர் சுவர் முழுக்கத் தொங்கியது. பக்கத்து ஜூஸ் கடைக்காரர் அதைப் பார்த்து, மிளகாய் வியாபாரமா என்று கேட்டார். மச்சான் மத்தியானம் சாப்பிடுவதைத் தள்ளிப்போட ஆரம்பித்தான். ஒருநாள், "மாமா, அந்தத் தறிய இன்னும் துணி போத்திதான் வச்சிருப்பானா?" என்று கேட்டான். அதில் வேறு யாரையும் வேலைக்கு வைக்கவில்லை என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நாராயணவனம் கோயிலில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். தறிக் குடும்பம், எங்கள் கொட்டகையில் இருந்த பாதிப் பேர் வந்திருந்தார்கள். முதலாளியும் வந்திருந்தார். சாயங்காலம் பந்தி முடிந்து, மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். முதலாளி நேராக எங்களிடம்தான் வந்தார்.

"இன்னாடா மொதலாளி, வியாபாரம் எப்பிடி?"

"சூப்பரா போய்க்கினு கீது."

"அப்பிடியா? ஜூஸ் கடைக்காரன் என் சகலபாடிதான். நீங்க மிளகா விக்கிறதா சொன்னான்." அவரே சிரித்துக்கொண்டார். "பரவால்ல. ரெண்டு மாசம் பாரு. தறி எங்கயும் போவாது."

பிறகு சட்டென்று முகத்தைச் சுளித்துக்கொண்டு மேலே பார்த்தார். "ச்சே, இன்னா எழவு சத்தம்டா இது! ஒரு மனுசன் நின்னு பேச முடியல." காதில் விரலை விட்டு ஆட்டிக்கொண்டே மண்டபத்துக்குள் போய்விட்டார்.

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் என்னைப் பார்த்தான். "இன்னா சத்தம்?"

என் மனைவி தட்டில் வெற்றிலையோடு வந்தாள். "சில்வண்டுதான், வேற இன்னா? இந்த மரம் பூரா கத்துது. காத கிழிக்குது பாரேன்."

மச்சான் மரத்தைப் பார்த்தான். "எந்த மரம்?"

"நீ ஒக்காந்துக்கினு கீறியே, அது."

அவன் எழுந்து மரத்துக்குப் பக்கத்தில் போனான். நானும் போனேன். இலை கொஞ்சம் அசைந்தது, அதுகூடக் கண்ணுக்குத்தான். நகரியில் சில்வண்டு செத்துப்போய் வெகு காலம் ஆகிறது என்று கொட்டகையில் எல்லோரும் பேசிக்கொள்வோம். சாயத் தண்ணீர்தான் கொன்றுவிட்டது என்பார் ஒருவர், செல்போன் டவர் என்பார் இன்னொருவர். அதில் எங்களுக்குள் இரண்டு கட்சியே உண்டு. இங்கே சாயத் தண்ணீரும் இல்லை.

மச்சான் மற்ற தறிக்காரர்களைக் கூப்பிட்டான். ஒவ்வொருவனாக வந்தார்கள். மரத்தடியில் வரிசையாக நின்று, கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம் ஏதோ பாம்பு என்று தள்ளி நின்றார்கள். ஒருவனுக்கும் கேட்கவில்லை. அவர்களுடைய பெண்டாட்டிமார்கள் எல்லோருக்கும் கேட்டது. நண்டும் சிண்டுமாகத் திரிந்த குழந்தைகளுக்குக் கேட்டது. சமையல்காரருக்குக் கேட்டது. முதலாளிக்கு நின்று பேச முடியாத அளவுக்குக் கேட்டது.

"இவங்கெல்லாம் சேந்து நம்மள ஏமாத்தறாங்கடா" என்றான் ஒருவன்.

"எங்களுக்கு வேற வேல இல்ல பாரு" என்றாள் அவன் மனைவி. "வூட்டுல நீ டிவிய எவ்ளோ சத்தமா வைக்கிறன்னு உனுக்குத் தெரியுமாய்யா? தெருவே நம்ம டிவிலதான் சீரியல் கேக்குது."

யாரும் சிரிக்கவில்லை. தறிச் சத்தம் எங்கள் காதில் பாதியைத் தின்றுவிட்டது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? எதிரில் நிற்பவன் பேசினால் நாங்கள் வாயைத்தான் பார்ப்போம். அது பழக்கம். வார்த்தை வாயில் இருந்தது, காதில் இருப்பதாக நினைத்துக்கொண்டோம். திரும்பி நின்று பேசுகிற வாடிக்கையாளரை மரியாதை தெரியாதவர் என்று மச்சான் திட்டுவான். இப்போது அதுவும் புரிந்தது.

திருப்பதிக்குத் திரும்பும் பஸ்ஸில் மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான், பேசவில்லை. அவன் முகம் தெரியாததால் பேசினாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

மறுநாள் காலை என் மனைவி கடைக்கு வந்தாள். நாராயணவனத்து மரத்தைத் தன் செல்போனில் பதிவு செய்திருந்தாள். "வெறும் போன்ல போட்டா உங்க ரெண்டு பேருக்கும் கேக்காது. அந்த மிளகாய மாட்டுங்க" என்றாள். சிவப்பு ஒயரில் ஒரு முனையை மச்சான் மாட்டிக்கொண்டான், இன்னொரு முனையை நான். அவள் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனாள்.

எங்கோ தூரத்தில், ஈர விறகு எரிவது மாதிரி ஒன்று கேட்டது. ஸ்ஸ்ஸ் என்று இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதில் இரவெல்லாம் கேட்ட சத்தம்தான். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் கேட்டான். அழுதுவிடுவானோ என்று பயந்தேன். கண்ணைத் திறந்தான்.

"இதுக்கா மாமா அந்தச் சண்ட போட்டோம், டவர் கொன்னுச்சி, சாயம் கொன்னுச்சின்னு? இதுக்கு தறியே மேல் போல கீதே."

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "டேய், உனுக்கு இவ்ளோ சத்தம் வச்சாத்தான் லேசாவாவது கேக்குது. எங்களுக்கு இது அப்பிடியே முழுசாக் கேக்குது. அந்த மாதிரிதான் உன் மிளகாயும். உனுக்கு எது கொறயுதோ அத்த அது அள்ளிக் கொட்டுது. கொறயாதவன் காதுலயும் கொட்டுனா அவன் அலற மாட்டானா?"

மச்சான் சுவரில் தொங்கிய சிவப்பு ஒயர்களைப் பார்த்தான். மெதுவாகச் சொன்னான். "அப்ப இது கெட்ட சரக்கு இல்ல."

"ஆள் மாறிப்போன சரக்கு" என்றாள் அவள்.

அன்றிலிருந்து சரக்கு எடுப்பது அவள் பொறுப்பு. சென்னைக்கு அவளும் வந்தாள். வியாபாரக்காரர் ஒவ்வொன்றாக நீட்டுவார், அவள் மாட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தால் அது வேண்டாம். மச்சான் ஆசைப்பட்டுக் கேட்டு, "ஆகா" என்று சொன்னால் அதுவும் வேண்டாம். அவன் "ஆகா"வுக்கு அவ்வளவு மதிப்பு வந்தது. எங்களுக்குப் போர்வைக்குள் பாடுவது மாதிரி இருந்த சரக்கைத் திருப்பதி சந்தோஷமாக வாங்கிப்போனது. மொட்டைத் தலைக்காரர்கள் முடி வளரும்வரை காத்திருக்கத் தேவையில்லாமல் போயிற்று.

சிவப்பு ஒயரை இரண்டு பையில் திணித்துக்கொண்டு நானும் மச்சானும் நகரிக்குப் போனோம். வேலை முடிந்து ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கொட்டகை வாசலில் போய் நின்றோம். படியை மிதிக்கவில்லை, படிக்கு இந்தப் பக்கம்தான். மச்சான் அதில் கண்டிப்பாக இருந்தான். முதல் ஆள் மாட்டிப் பார்த்தான், "அண்ணே!" என்றான். அதற்கப்புறம் கூட்டம். பக்கத்துக் கொட்டகைகளிலிருந்தும் வந்தார்கள். ஒரு வயதான தறிக்காரர் வளைகுடாவில் இருக்கும் மகளோடு அதை மாட்டிக்கொண்டே போனில் பேசினார். பேசி முடித்து, "அவ பேசறது இன்னிக்கித்தான் எனுக்குப் புரியுது. இவ்ளோ நாளா ஊம் ஊம்னு சொல்லிக்கினு இருந்தேன். எதுக்கெல்லாம் ஊம் சொன்னனோ" என்றார். பையில் பாதிக்கு மேல் காலி.

முதலாளி சத்தம் கேட்டு வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தில் வெளிச்சம்.

"வந்துட்டியா? நான் சொல்லல? உள்ள வாடா, துணி எடுத்துரலாம்."

"வேலைக்கு வரல மொதலாளி, யாவாரத்துக்கு வந்தேன்" என்றான் மச்சான்.

"இன்னா யாவாரம்? குடு பாக்கலாம், எல்லாரும் அவ்ளோ ஆகா ஓகோன்றாங்களே." அவரே ஒன்றைப் பிடுங்கி இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, தன் போனில் செருகிப் பாட்டைப் போட்டார். தறிக்காரர்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண் சுருங்கியது. பல் தெரிந்தது. அத்தனை பேர் ஆகா என்ற சரக்கை நாம் மட்டும் வேண்டாம் என்பதா என்று அவருக்கும் ஒரு வீம்பு போல, கழற்றவில்லை. வலியில் தலையைத் தாளத்துக்கு ஆட்டுவது மாதிரி ஆட்டினார்.

நான் அவருக்கு எதிரில்தான் நின்றிருந்தேன். எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. அவர் காதில் பாட்டு இருந்தது, அவருக்கு உதடு படிக்கவும் தெரியாது. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்து, சத்தமே இல்லாமல், வாயை அழுத்தி அழுத்திச் சொன்னேன்.

"அந்தத் தறிய நீயே ஓட்டு மொதலாளி. ஓட்டிக்கினே இரு. கொஞ்ச வருசத்துல இது உனுக்கும் தேனாக் கேக்கும்."

வாசலில் நின்ற அத்தனை தறிக்காரர்களும் வெடித்துச் சிரித்தார்கள். மச்சான் பையைக் கீழே போட்டுவிட்டான். முதலாளி ஒயரைப் பிடுங்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"இன்னாடா? இன்னா சொன்னான் இவன்?"

"ஒண்ணும் சொல்லல மொதலாளி" என்றார் அந்த வயதானவர். "அவன் என்னிக்கிப் பேசியிருக்கான்?"